ஒற்றை அலைவரிசைக் காலத்தின் இளமை நினைவுகள்: அகமும் புறமும் (1975–1993)

ஆய்வுச்சுருக்கம்

சென்னைத் தொலைக்காட்சி நிலையம் தொடங்கிய 1975ஆம் ஆண்டு முதல் தனியார் தமிழ் அலைவரிசை தோன்றிய 1993ஆம் ஆண்டு வரையிலான காலத்தைத் தமிழ் மக்கள் 'ஒற்றை அலைவரிசைக் காலம்' என்று நினைவுகூர்கின்றனர். அக்காலத்தில் குழந்தைகளாக இருந்தோர் இன்று எழுதியும் பேசியும் வரும் நினைவுரைகள் ஏராளம். அவை பெரும்பாலும் ஏக்க உணர்வின் வெளிப்பாடுகளாகவே எடுத்துக்கொள்ளப்படுகின்றன. அந்நினைவுரைகளைச் சமூக வரலாற்றுச் சான்றுகளாக வாசிப்பதற்குரிய முறை ஒன்றை இக்கட்டுரை விளக்குகிறது. தொல்காப்பிய அகத்திணை மரபின் முதல், கரு, உரி என்னும் பகுப்பு இதற்குத் துணையாகக் கொள்ளப்படுகிறது. இந்நினைவுரைகள் பெயர் சுட்டாத அகப்பாடல்களின் இயல்பில் சொல்லப்படுகின்றன என்பதும், அவற்றுள் மறைந்துள்ள புறச்செய்திகளை வெளிக்கொணர்வதே ஆய்வாளரின் கடமை என்பதும் இக்கட்டுரையின் மையக் கருத்துகளாகும்.

திறவுச்சொற்கள்: தொலைக்காட்சி, கூட்டு நினைவு, அகத்திணை, பெயர் சுட்டா மரபு, ஒளியும் ஒலியும், ரூபவாஹினி, வாய்மொழி வரலாறு.

முன்னுரை

தெருவுக்கு ஒரு தொலைக்காட்சிப் பெட்டி இருந்த காலத்தைப் பற்றிய நினைவுகள் இன்று வார இதழ்களிலும் கட்டுரைத் தொகுப்புகளிலும் சமூக ஊடகங்களிலும் மேடைப் பேச்சுகளிலும் இடையறாது இடம்பெறுகின்றன. வெள்ளிக்கிழமை மாலைத் திரைப்பாடல்கள், ஞாயிற்றுக்கிழமைத் திரைப்படம், மொட்டைமாடியில் ஆன்டெனாவைத் திருப்பிய அண்ணன், படம் மறைந்தபோது திரையில் தோன்றிய 'தடங்கலுக்கு வருந்துகிறோம்' என்னும் அறிவிப்பு ஆகியவை இந்நினைவுகளில் திரும்பத் திரும்ப வருகின்றன. வேறு வேறு ஊர்களில் வளர்ந்தோரும் ஏறத்தாழ ஒரே கதையைச் சொல்கின்றனர். இந்த ஒருமையே ஆய்வுக்குரிய சிக்கலாகும். எல்லாருக்கும் ஒரே அனுபவம் வாய்த்ததனால் கதை ஒன்றாக அமைந்ததா, அன்றிக் கதை ஒன்றாகச் சொல்லப்படுவதனால் அனுபவமும் ஒன்றாக இருந்ததாகத் தோன்றுகிறதா என்னும் வினா இங்கு எழுகிறது.

மனிதர் தனித்து நினைவுகொள்வதில்லை. தாம் சார்ந்த குழுவின் சட்டகத்திற்குள் நின்றே நினைவுகொள்கின்றனர் என்பது பிரெஞ்சுச் சமூகவியலாளர் மொரிஸ் ஹால்ப்வாக்ஸ் 1925இல் வெளியிட்ட நூலின் அடிப்படைக் கருத்து. ஏக்க உணர்வை ஆராய்ந்த ஸ்வெட்லானா போய்ம் 2001இல் வெளிவந்த நூலில், இழந்ததை மீட்டமைக்க விழையும் ஏக்கம், இழப்பைச் சிந்தித்துப் பார்க்கும் ஏக்கம் என இருவகை காண்கிறார். இந்தியத் தொலைக்காட்சி குறித்துப் பூர்ணிமா மங்கேகர் (1999), அரவிந்த் ராஜகோபால் (2001) ஆகியோர் எழுதிய நூல்கள் முன்னோடியானவை. எனினும், அவற்றின் களம் பெரிதும் வட இந்தியாவாகும். தமிழ்ச் சூழலின் நினைவுரைகளை வாசிக்கத் தமிழ் மரபிலிருந்தே கருவிகளைப் பெறமுடியுமா என்பதை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வரலாற்றுப் பின்னணி

இந்தியாவில் தொலைக்காட்சி 1959 செப்டம்பர் 15 அன்று தில்லியில் சோதனை முயற்சியாகத் தொடங்கியது. 1972இல் மும்பையும் 1975 ஆகஸ்ட் 15இல் சென்னையும் தொலைக்காட்சி நிலையங்களைப் பெற்றன. செயற்கைக்கோள் வழியாக ஊர்ப்புறங்களுக்குக் கல்வி ஒளிபரப்பை எடுத்துச்சென்ற 'சைட்' திட்டம் 1975–76இல் ஆறு மாநிலங்களின் 2400 ஊர்களில் நடைபெற்றது. அவ்வாறு மாநிலங்களுள் தமிழ்நாடு இடம்பெறவில்லை. ஆதலால் தமிழ்நாட்டில் தொலைக்காட்சி முதலில் பெருநகரப் பொருளாகவே அறிமுகமாயிற்று. 1976 ஏப்ரல் 1 முதல் தொலைக்காட்சி அனைத்திந்திய வானொலியிலிருந்து பிரிக்கப்பட்டுத் தூர்தர்ஷன் என்னும் தனியமைப்பாயிற்று.

1982 ஆகஸ்ட் 15 அன்று தேசிய நிகழ்ச்சியும் வண்ண ஒளிபரப்பும் தொடங்கின. அவ்வாண்டு நவம்பரில் தில்லியில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டி அதற்கு உடனடிக் காரணமாயிற்று. 1983 ஆகஸ்டில் ஏவப்பட்ட இன்சாட்-1பி செயற்கைக்கோளின் துணையால் 1984இல் நாடு முழுவதும் குறைந்த சக்தி ஒளிபரப்பிகள் விரைந்து நிறுவப்பட்டன. 1985இல் தொலைக்காட்சிக்கான உரிமக் கட்டணம் நீக்கப்பட்டது. 1987இல் சென்னையில் இரண்டாம் அலைவரிசை வந்தது. 1993 ஏப்ரல் 14 அன்று சன் தொலைக்காட்சி தொடங்கியதும் இக்காலம் முடிவுக்கு வரத் தொடங்கியது. இந்தப் பதினெட்டு ஆண்டுகளே இக்கட்டுரையின் கால எல்லையாகும்.

முதற்பொருள்: நிலம்

தொல்காப்பியர் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்கிறார். ஓர் உணர்வு எங்கு, எப்பொழுது நிகழ்ந்தது என்பதை அறியாமல் அவ்வுணர்வை அறியமுடியாது என்பது இதன் உட்பொருள். அகத்திணை காதல் வாழ்வுக்குரிய இலக்கணமாகும். அதனைத் தொலைக்காட்சி நினைவுக்கு அப்படியே பொருத்துவது இங்கு நோக்கமன்று. இடம், காலம், பொருள், உணர்வு ஆகியவற்றைப் பிரித்தும் இணைத்தும் காணும் ஒழுங்குமுறை என்ற அளவிலேயே அது கொள்ளப்படுகிறது.

நிலம் என்னும் நோக்கில் பார்க்கும்போது 'ஒற்றை அலைவரிசை' என்னும் சொல்லே ஐயத்திற்குரியதாகிறது. தொலைக்காட்சி அலைகள் ஏறக்குறைய நேர்கோட்டில் செல்பவை. கோபுரத்தின் உயரமும் ஒளிபரப்பியின் ஆற்றலும் அவை சென்றடையும் தொலைவை வரையறுக்கின்றன. இதனால் தொடக்க ஆண்டுகளில் சென்னை நிலையத்தின் நிகழ்ச்சிகள் சென்னைக்கும் அதனைச் சூழ்ந்த பகுதிகளுக்குமே கிட்டின. சென்னைக் குழந்தைக்குத் தொலைக்காட்சியின் முதல்மொழி தமிழாக இருந்தது.

தென்கடலோர மாவட்டங்களின் நிலை வேறு. இலங்கையில் 1982 பிப்ரவரியில் தொடங்கிய ரூபவாஹினியின் அலைகள், மலையோ கட்டடமோ தடுக்காத கடற்பரப்பைக் கடந்து தமிழ்நாட்டுக் கடற்கரை ஊர்களை அடைந்தன. உயர்ந்த குழாய்களின் மேல் ஆன்டெனாவைப் பொருத்தித் தென்கிழக்குத் திசை நோக்கித் திருப்பியோர் அதனைக் கண்டனர். கடலின் மேலுள்ள காற்றின் வெப்பநிலை அடுக்குகள் மாறுவதற்கேற்ப அலைகள் வளைந்து செல்வதால் படத்தின் தெளிவு நாளுக்கு நாள் வேறுபட்டது. இங்கு வளர்ந்த குழந்தைகளின் காதில் சிங்கள விளம்பரங்களின் மெட்டும் பதிந்தது. மறுபுறம், யாழ்ப்பாணத்தில் உயரமான ஆன்டெனாக்களின் வழியே தூர்தர்ஷன் பார்க்கப்பட்டது. எல்லைக்கோடு அரசுகளுக்கு இருந்தது, அலைகளுக்கு இல்லை.

உள்மாவட்டங்களில் மூன்றாவது நிலை காணப்பட்டது. 1984ஐ ஒட்டி நிறுவப்பட்ட குறைந்த சக்தி ஒளிபரப்பிகள் செயற்கைக்கோள் வழியாகத் தில்லி நிகழ்ச்சிகளையே பெற்று அஞ்சல் செய்தன. சென்னை நிலையத்தின் தமிழ் நிகழ்ச்சிகள் அவற்றில் உடனடியாக இடம்பெறவில்லை. அங்கிருந்த குழந்தை முதன்முதலில் கண்ட தொலைக்காட்சி பெரும்பாலும் இந்தியிலும் ஆங்கிலத்திலும் பேசியது. கொடைக்கானல் உயர்சக்தி ஒளிபரப்பி செயல்படத் தொடங்கிய பின்னரே தென்மாவட்டங்கள் பலவற்றில் சென்னைத் தமிழ் நிகழ்ச்சிகள் பரவலாகக் கிட்டின. இந்தியத் தொலைக்காட்சி தில்லி மையமாக அமைந்திருப்பதைப் பி.சி. ஜோஷி தலைமையிலான பணிக்குழுவின் அறிக்கை 1980களின் நடுவிலேயே சுட்டிக்காட்டியது.

எனவே 'அன்று எல்லாரும் ஒன்றையே பார்த்தோம்' என்னும் கூற்று நிலத்தை நீக்கிச் சொல்லப்பட்ட கூற்றாகும். சென்னையின் தமிழ், கடற்கரையின் ரூபவாஹினி, உள்நாட்டின் இந்தி என மூன்று இளமைகள் ஒரே பெயரின் கீழ் வைக்கப்பட்டுள்ளன.

முதற்பொருள்: பொழுது

அகத்திணை மரபு பொழுதைப் பெரும்பொழுது என்றும் சிறுபொழுது என்றும் பிரிக்கிறது. ஒற்றை அலைவரிசைக் காலத்தின் சிறுபொழுது பெரும்பாலும் மாலை. ஒளிபரப்பு நாள் முழுவதும் நிகழவில்லை. மாலையில் நிலையத்தின் அடையாளச் சின்னம் சுழன்று உருப்பெறும். அதனுடன் ரவிசங்கரும் அலி அகமது உசேன் கானும் அமைத்த அடையாள இசை ஒலிக்கும். அந்த இசை குழந்தைகளுக்கு விளையாட்டை நிறுத்தும் மணியாக இருந்தது.

நாளுக்குப் பதிலாக வாரமே இக்காலத்தின் பெரும்பொழுதாயிற்று. உழவர்க்கான 'வயலும் வாழ்வும்', பார்வையாளர் கடிதங்களுக்கு விடைகூறும் 'எதிரொலி', செவ்வாய்க்கிழமை நாடகம், வெள்ளிக்கிழமை 'ஒளியும் ஒலியும்', ஞாயிற்றுக்கிழமைத் தமிழ்த் திரைப்படம் என ஒவ்வொரு கிழமையும் தன் நிகழ்ச்சியால் அறியப்பட்டது. பள்ளி அட்டவணையைப்போல் இவ்வட்டவணையும் மனப்பாடமாயிற்று. 1987 ஜனவரி 25 முதல் 1988 ஜூலை 31 வரை ராமானந்த சாகரின் இராமாயணமும், 1988 அக்டோபர் 2 முதல் 1990 ஜூன் வரை பி.ஆர். சோப்ராவின் மகாபாரதமும் ஒளிபரப்பாயின. அவை ஞாயிற்றுக்கிழமைக் காலையையும் தொலைக்காட்சிப் பொழுதாக்கின. எண்ணெய்க் குளியலும் இட்லியும் அந்நேரத்திற்கேற்ப முன்னும் பின்னுமாக நகர்ந்தன.

நிகழ்ச்சியைத் தவறவிட்டால் மீண்டும் பார்க்க வழியில்லை என்பதே இப்பொழுதின் அடிப்படை இயல்பு. வீடியோ கேசட் கருவி மிகச் சிலரிடமே இருந்தது. மீட்கமுடியாத பொழுது என்பதனாலேயே அதற்கு மதிப்பு ஏற்பட்டது. தலைவர் ஒருவர் மறைந்து அரசு துக்கம் கடைப்பிடிக்கப்பட்ட நாட்களில் வழக்கமான நிகழ்ச்சிகள் நீக்கப்பட்டுச் சோக இசை ஒலிபரப்பாயிற்று. வெள்ளிக்கிழமைப் பாட்டு போயிற்றே என்று அழுது, அதற்காகப் பெரியவர்களிடம் அடிவாங்கிய குழந்தைகளின் நினைவு நகைச்சுவையாகவே சொல்லப்படுகிறது. நாட்டின் துயரமும் குழந்தையின் துயரமும் ஒரே திரையில் மோதிக்கொண்ட இடம் அது என்பது கவனிக்கத்தக்கது.

கருப்பொருள்

ஒரு நிலத்திற்குரிய தெய்வம், உணவு, மரம், புள், பறை, தொழில் முதலியன கருப்பொருள்களாகும். தொலைக்காட்சி நினைவிலும் இத்தகைய பொருட்தொகுதி உண்டு. இழுத்து மூடும் மரக்கதவு கொண்ட பெட்டி, சாவித் துளை, பெட்டியின்மேல் விரித்த பூவேலைத் துணி, மின்னழுத்தத்தைச் சீர்செய்யும் ஸ்டெபிலைசர், அலையை வலுவாக்கும் பூஸ்டர், கறுப்பு வெள்ளைப் படத்தை வண்ணமாகக் காட்டத் திரையின்முன் மாட்டிய நெகிழித் தாள் ஆகியன அவற்றுள் சில. சென்னையில் உருவான டயனோரா, சாலிடேர் போன்ற பெயர்கள் குடும்ப உறுப்பினரின் பெயர்போல் நினைவுகூரப்படுகின்றன.

கருப்பொருள்களுள் தலையாயது ஆன்டெனா. அது வீட்டின் வசதியைத் தெருவுக்கு அறிவித்தது. காற்றடித்தாலும் காக்கை அமர்ந்தாலும் அது திசைமாறியது. படத்தில் 'பூச்சி பறந்தால்' ஒருவர் மாடியில் நின்று குழாயைத் திருப்ப, மற்றொருவர் படிக்கட்டில் நிற்க, மூன்றாமவர் திரையின்முன் நின்று 'தெரியுது', 'போச்சு', 'இன்னும் கொஞ்சம்' என்று குரல்கொடுப்பார். பெறுவதற்கு உழைக்க வேண்டியிருந்ததால் பார்வையாளர் வெறும் நுகர்வோராக இல்லை. தொழில்நுட்பக் குறைபாடே கூட்டு உழைப்பை உண்டாக்கிற்று. 'தெரியுதா?' என்னும் வினா இன்றைய நினைவுரைகளில் அக்காலத்தின் அடையாளச் சொல்லாக நிலைபெற்றதற்கு இதுவே காரணம் எனலாம்.

உரிப்பொருள்: இருத்தலும் இரங்கலும்

முதலும் கருவும் உரிப்பொருளுக்குத் துணைநிற்பவை. தொலைக்காட்சி நினைவின் உரிப்பொருள் யாது? நிகழ்ச்சிகளின் உள்ளடக்கம் இந்நினைவுரைகளில் வியக்கத்தக்க அளவு குறைவு. ஒரு வெள்ளிக்கிழமையில் எந்தப் பாடல்கள் ஒளிபரப்பாயின என்பது நினைவில்லை. அப்பாடல்களுக்காகக் காத்திருந்தது நினைவிருக்கிறது. அரை மணி நேரத்தில் எத்தனை பாடல்கள் வரும், கடைசிப் பாட்டு புதுப்படத்தினதா, அதற்குள் மின்சாரம் போய்விடுமா என்னும் கவலைகளே நினைவின் பெரும்பகுதியாக உள்ளன. இது முல்லைக்குரிய இருத்தலை ஒத்தது. முல்லையின் சிறுபொழுது மாலை என்பதும் இங்கு எண்ணத்தக்கது. குறித்த பொழுதில் வருவேன் என்ற சொல்லை நம்பி ஆற்றியிருத்தலே முல்லை. நிகழ்ச்சி அட்டவணையும் அத்தகைய ஒரு வாக்குறுதியாகும்.

நினைவுகூரும் செயலுக்கு உரிய உரிப்பொருளோ நெய்தலுக்குரிய இரங்கலாகும். அன்றைய குழந்தை காத்திருந்தது. இன்றைய முதியவர் அந்தக் காத்திருப்புக்காக இரங்குகிறார். இரண்டையும் பிரித்தறியாமையே இந்நினைவுரைகளை வெறும் ஏக்கமாகக் கொள்வதற்குக் காரணம். காத்திருந்தபோது குழந்தை மகிழ்ச்சியாக இருந்ததாகக் கொள்ளவேண்டியதில்லை. சலிப்பும் அச்சமும் அவமானமும் அதில் கலந்திருந்தன. இரங்கல் அவற்றை இனிமையாக்கித் தருகிறது.

மொழி அறியாமலே கண்ட நிகழ்ச்சிகளும் இக்காத்திருப்பில் அடங்கும். இராமாயணத் தொடர் இந்தியில் அமைந்தது. எனினும், கதை அறிந்த முதியோர் அருகிருந்து விளக்க, தமிழ்க் குழந்தைகள் அதனைக் கண்டனர். கதையை முன்னரே அறிந்த அவையினர் நிகழ்த்துதலைக் காண வருவது தெருக்கூத்து மரபில் இயல்பானது. அப்பயிற்சியே இந்தித் தொடரைத் தமிழ்த் திண்ணைக்குக் கொண்டுவந்தது. அதே நேரத்தில், கதை அறியாத இந்திச் சமூகத் தொடர்கள் ஓடிய இரவுகளில் பெட்டியை அணைத்துவிட்டு எழுந்து சென்றதும் நினைவுகூரப்படுகிறது. தேசிய நிகழ்ச்சி ஒரே தேசத்தைக் கற்பிக்க முயன்றது. தமிழ் வீடுகள் அதில் தமக்கு வேண்டியதை மட்டும் எடுத்துக்கொண்டன.

பெயர் சுட்டா மரபு

அகப்பாடலில் தலைமக்களின் இயற்பெயர் சுட்டப்படுவதில்லை. தலைவன், தலைவி, தோழி, செவிலி என்னும் பொதுநிலைப் பாத்திரங்களே பேசுகின்றனர். பெயர் சுட்டினால் அது புறமாகிவிடும். இம்மரபின் பயன் பெரிது. யாருடையதும் அல்லாத அனுபவம் எல்லாருடையதும் ஆகிறது.

தொலைக்காட்சி நினைவுரைகளும் இவ்வாறே அமைகின்றன. அவற்றில் 'டிவி வீடு' உண்டு. அந்த வீட்டு 'மாமா', 'அத்தை' உண்டு. மாடியேறும் 'அண்ணன்' உண்டு. முன்வரிசையில் அமரும் 'நாங்கள்' உண்டு. பெட்டி யாருடையது, அவர் என்ன தொழில் செய்தார், தெருவில் எச்சாதியினர் வாழ்ந்தனர், அந்த 'நாங்கள்' என்பதில் யார் யார் அடங்குவர் என்பன சொல்லப்படுவதில்லை. இதனால் படிப்போர் ஒவ்வொருவரும் தத்தம் தெருவை அங்கு வைத்துப் பார்க்கின்றனர். நினைவுரைகள் ஒரே கதைபோல் ஒலிப்பதற்கும் அவை பரவலாக விரும்பப்படுவதற்கும் இந்தப் பெயரின்மையே அடிப்படையாகும்.

இது இலக்கிய நோக்கில் நிறைவு. வரலாற்று நோக்கில் இழப்பு. பொதுமையாக்கப்பட்ட நினைவில் வேறுபாடுகள் முதலில் மறைகின்றன. எனவே அகமாகச் சொல்லப்பட்டதைப் புறமாக வாசிக்க வேண்டியுள்ளது.

புறமாக வாசித்தல்: நாற்காலி, தரை, சன்னல்

நினைவுரைகளின் ஓரங்களில் சில சிறு குறிப்புகள் தங்கியுள்ளன. வீட்டார் நாற்காலியிலும் வந்தோர் தரையிலும் அமர்ந்தனர் என்பது ஒன்று. கால்ரூபாயோ அரைரூபாயோ வாங்கிக்கொண்டு திரைப்படம் பார்க்கவிட்டனர் என்பது மற்றொன்று. சாப்பாட்டு நேரம் வந்ததும் மரக்கதவு மூடப்பட்டது என்பதும், 'சன்னல் வழியாகப் பார்த்தோம்' என்பதும் இவ்வாறே இடம்பெறுவன. இவை வேடிக்கையாகக் கூறப்படுபவை. ஆயின் ஒவ்வொன்றும் ஓர் எல்லைக்கோட்டைக் குறிக்கிறது.

கூடம், திண்ணை, வாயில், சன்னல், தெரு என்னும் ஐந்து இடங்களும் ஒரே திரையைப் பார்த்தன. ஆனால் அவை ஒரே இடமல்ல. கூடத்திற்குள் நுழையும் உரிமை சாதியாலும் செல்வத்தாலும் தீர்மானிக்கப்பட்டது. பிற நாட்களில் வாசலைத் தாண்டாத குழந்தை தொலைக்காட்சிக்காக உள்ளே விடப்பட்டதா, அன்றித் தொலைக்காட்சி வந்த பின்னும் சன்னலுக்கு வெளியே நின்றதா என்பது ஊருக்கு ஊர், தெருவுக்குத் தெரு வேறுபட்டிருக்கும். 'சன்னல் வழியாகப் பார்த்தோம்' என்ற தொடர் இட நெருக்கடியையும் குறிக்கலாம், தீண்டாமையையும் குறிக்கலாம். தொடரை மட்டும் கொண்டு இதனை அறியமுடியாது. சொல்பவரின் இடத்தை அறிந்தாலன்றிப் பொருள் விளங்காது.

ஊராட்சிகள் வைத்திருந்த பொதுத் தொலைக்காட்சியும் இவ்வாறே நோக்கத்தக்கது. கதவுடன் கூடிய சிமெண்டு மாடத்தில் வைக்கப்பட்ட அப்பெட்டியின் சாவி யாரிடம் இருந்தது? அது ஊரில் வைக்கப்பட்டதா, சேரியில் வைக்கப்பட்டதா? யாருடைய விருப்பப்படி அணைக்கப்பட்டது? பொதுப்பெட்டி சிலருக்கு முதன்முறையாக எவர் வீட்டு வாசலிலும் நிற்காமல் பார்க்கும் உரிமையைத் தந்தது. இந்த உரிமையின் வரலாறு 'டிவி வீட்டு' நினைவுரைகளில் இடம்பெறுவதில்லை.

பெண்களின் நினைவு மற்றொரு கோணத்தைத் தருகிறது. மாலை நிகழ்ச்சி நேரமும் அடுப்படி வேலை நேரமும் ஒன்றே. அடுப்புக்கும் கூடத்திற்கும் இடையே நடந்து, பாதிப் பாட்டைக் கண்டும் மீதியைக் கேட்டும் கழித்த பார்வை அவர்களுடையது. பக்கத்து வீட்டுக்குச் சென்று இரவில் திரும்பும் உரிமை சிறுவனுக்கும் சிறுமிக்கும் ஒன்றாக இருந்ததில்லை. 'டிவி வீட்டு' அத்தைக்கு வாரந்தோறும் ஐம்பது பேர் வந்துசென்ற கூடத்தைப் பெருக்கும் வேலையும் இருந்தது. விருந்தோம்பல் என்று நினைவுகூரப்படுவது ஒருவரின் ஊதியமற்ற உழைப்பாகவும் இருந்திருக்கிறது.

இவ்வாறு கூறுவதனால் அக்காலக் கூட்டுப் பார்வை பொய் என்பது பொருளன்று. அதுவரை ஒரு கூரையின்கீழ் அமராதோர் சிலர் தொலைக்காட்சியின்முன் அமர்ந்ததும் உண்மை. திரையரங்கு, வானொலி, பொங்கல் விழா ஆகியன தராத ஒரு நெருக்கத்தை அது தந்ததும் உண்மை. நெருக்கமும் விலக்கமும் ஒரே கூடத்தில் நிகழ்ந்தன என்பதே இங்கு வலியுறுத்தப்படுகிறது.

நினைவின் பிழையும் அதன் பயனும்

நினைவுரையை வரலாற்றுச் சான்றோடு ஒப்பிடும்போது முரண்கள் தோன்றும். 1983 ஜூன் 25 அன்று நடந்த உலகக் கோப்பைக் கிரிக்கெட் இறுதிப் போட்டியை உள்மாவட்ட ஊர் ஒன்றில் தூர்தர்ஷனின் நேரலையாகக் கண்டதாக ஒருவர் கூறுவதாகக் கொள்வோம். அந்நாளில் இன்சாட்-1பி ஏவப்படவே இல்லை. குறைந்த சக்தி ஒளிபரப்பிகளின் பரவலும் நிகழவில்லை. எனவே அவர் வானொலியில் கேட்டதையும் பின்னர் மறுஒளிபரப்பில் கண்டதையும் இணைத்திருக்கலாம்; அன்றி வேறு ஊரில் கண்டதைச் சொந்த ஊரில் கண்டதாக நினைவுகொண்டிருக்கலாம்.

இத்தகைய பிழையைக் கண்டறிந்ததும் நினைவுரையை ஒதுக்கிவிடுதல் தகாது. ஒரு தேசிய வெற்றியைத் தானும் நேரில் கண்டவனாக இருக்கவேண்டும் என்னும் விழைவு அப்பிழையில் வெளிப்படுகிறது. எது நிகழ்ந்தது என்பதை ஆவணம் கூறும். எது நிகழ்ந்திருக்கவேண்டும் என மக்கள் விரும்பினர் என்பதை நினைவின் பிழை கூறும். இரண்டும் ஆய்வாளருக்கு வேண்டியவை.

மேலும், ஆவணங்களின் போதாமையும் இங்குக் கருதத்தக்கது. தொடக்ககாலத் தொலைக்காட்சி நிகழ்ச்சிகள் பல நேரலையாக நிகழ்ந்தவை. ஒளிநாடா விலைமிக்கதாக இருந்ததால் பதிவானவற்றை அழித்து அதே நாடாவில் மீண்டும் பதிவுசெய்வது உலகெங்கும் வழக்கமாக இருந்தது. திரையில் தோன்றியதில் பெரும்பகுதிக்கு நினைவே எஞ்சிய சான்றாகிறது.

கள ஆய்வுக்குரிய நெறிகள்

மேற்கண்டவற்றின் அடிப்படையில் வாய்மொழி வரலாற்றுக் கள ஆய்வுக்குச் சில நெறிகளை வகுக்கலாம். முதலாவது, நிலத்தை உறுதிசெய்தல். எவ்வூர், எவ்வாண்டு, ஆன்டெனா எத்திசை நோக்கியது என்னும் மூன்று செய்திகளால் பார்க்கப்பட்ட அலைவரிசையைப் பெரும்பாலும் அறியலாம். இரண்டாவது, இடத்தை வரைதல். கூடத்தின் வரைபடத்தைச் சொல்பவரையே வரையச்செய்து, யார் எங்கு அமர்ந்தனர் எனக் குறிக்கச்செய்தால் சொல்லாமல் விட்டவை வெளிப்படும். மூன்றாவது, பெயரைக் கேட்டல். 'மாமா', 'அத்தை' என்னும் உறவுச் சொற்களுக்குப் பின்னுள்ள மனிதரையும் அவர்தம் தொழிலையும் வினவவேண்டும். எழுதும்போது அவர்களின் அடையாளத்தைக் காப்பது வேறு, ஆய்வில் அதனை அறியாமலிருப்பது வேறு. நான்காவது, துணைச்சான்று தேடல். அஞ்சலகத்தில் கட்டணம் செலுத்திப் பெற்ற உரிமப் புத்தகங்கள், ஊராட்சித் தீர்மானங்கள், இதழ்களில் வெளிவந்த நிகழ்ச்சி நிரல்கள், விற்பனை விளம்பரங்கள் ஆகியவை வீடுகளின் பரண்களிலும் நூலகங்களிலும் கிடைக்கக்கூடியவை.

ஐந்தாவது நெறியே மிகவும் அவசரமானது. இன்று எழுதப்படும் நினைவுரைகள் அன்றைய குழந்தைகளுடையவை. பெட்டி வாங்கக் கடன்பட்டவர், கதவைத் திறந்துவிட்டவர், கூட்டத்தைப் பொறுத்துக்கொண்டவர், கட்டணம் வாங்கியவர், உள்ளே வரவேண்டாம் என்றவர் ஆகியோர் அன்றைய பெரியவர்கள். 1975இல் முப்பது வயதினராக இருந்தோர் இன்று எண்பதைக் கடந்துவிட்டனர். குழந்தைக்குப் பெட்டியின் விலை தெரியாது; வீட்டில் அதன்பொருட்டு நிகழ்ந்த வாக்குவாதம் தெரியாது; தன்னை முன்வரிசையிலும் மற்றொரு குழந்தையைச் சன்னலுக்கு வெளியிலும் நிறுத்திய காரணம் தெரியாது. பெரியவர்களின் சாட்சியம் பதிவாகாமல் போனால் எஞ்சுவது குழந்தைக்குத் தெரிந்த வரலாறு மட்டுமே.

முடிவுரை

ஒற்றை அலைவரிசைக் காலத்தின் இளமை நினைவுகள் தமிழ்ச் சமூக வரலாற்றின் மதிப்புமிக்க மூலங்களாகும். முதல், கரு, உரி என்னும் ஒழுங்கில் அவற்றை வாசிக்கும்போது, ஒரே அலைவரிசை எனப்பட்டது நிலத்தால் மூவகைப்பட்டது என்பதும், வாரச் சுழற்சி புதிய பெரும்பொழுதாக அமைந்தது என்பதும், காத்திருத்தலே அந்நினைவின் உரிப்பொருள் என்பதும் புலனாகின்றன. இந்நினைவுரைகள் பெயர் சுட்டா அக மரபில் சொல்லப்படுவதால் எல்லாருக்கும் உரியனவாகத் தோன்றுகின்றன. அதே காரணத்தால் சாதி, வர்க்கம், பாலினம் சார்ந்த வேறுபாடுகளை மறைக்கின்றன. அவற்றின் இனிமையைக் குலைக்காமலும் அவ்வினிமைக்கு உட்பட்டுவிடாமலும் புறச்செய்திகளைத் திரட்டுவது ஆய்வாளர்முன் உள்ள பணியாகும். கூடத்தில் அமர்ந்தோரின் நினைவுகள் போதிய அளவு எழுதப்பட்டுவிட்டன. சன்னலுக்கு வெளியே நின்றோரிடமும், கதவின் சாவியை வைத்திருந்தோரிடமும் 'தெரிந்ததா?' என்று கேட்கவேண்டிய காலம் இது.